சிவபெருமான் தொடாத சிறுநீரகம்

உறுப்பு மாற்று அறுவை எங்கே தொடங்கியது என்று டாக்டர்களைக் கேட்டால் ஏதோ சீமை ஊர் பெயரைச் சொல்வார்கள். காவிரிக்கரைக்காரர் அதற்குச் சிரிப்பார். மாயவரத்துப் பக்கம் பறியலூரில் தட்சன் கழுத்தில் ஆட்டுத்தலை எப்போதோ உட்கார்ந்தாயிற்று. பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் திலதர்ப்பணபுரியில் மனித முகத்தோடு ஆதி விநாயகர் இருக்கிறார். ஆபரேஷனுக்கு முந்தைய போட்டோ. பிந்தையது அரசமரத்தடிதோறும் இருக்கிறது. யானையிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல்தானே வந்தது!

எடுத்த எடுப்பிலேயே தலையில் கை வைத்ததுதான் வினை. அந்தக் கேஸை இன்றுவரை எந்த ஆஸ்பத்திரியும் செய்து முடிக்கவில்லை. அம்பால் தன் கண்ணைப் பெயர்த்துச் சிவனுக்கு அப்பிய கண்ணப்பரின் தேர்வு பரவாயில்லை: கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது, உடம்பு அவ்வளவாகச் சண்டைக்கு வராது. 1905லேயே சிர்ம் என்ற டாக்டர் அதை மாற்றிவிட்டார். அம்பு தேவைப்படவில்லை.

புராணக்காரர்கள் கோட்டைவிட்டது சிறுநீரகத்தை. உலகில் மாற்றப்படும் உறுப்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுதான். காரணம் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. ஆளுக்கு இரண்டு இருக்கிறது, ஒன்றைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பந்தியில் உட்காரலாம். ஐஸில் ஒரு நாள் தாங்கும். இதயம் நாலைந்து மணி நேரத்தில் கைவிரிக்கும். கிடைக்கிறவரை டயாலிசிஸில் காலம் தள்ளலாம். பழையதைப் பிடுங்கக்கூட வேண்டாம், புதியதை அடிவயிற்றில் குடிவைத்து, இரண்டு ரத்தக்குழாயும் ஒரு சிறுநீர்க்குழாயும் இணைத்தால் போதும். அடுத்த இடம் கல்லீரலுக்கு: பாதி கொடுத்தாலும் வளர்ந்துவிடும்.

1954இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே இரட்டைச் சகோதரர்களுக்குள் மாற்றியபோது உடம்புக்கு ஆள் வித்தியாசம் தெரியவில்லை. 1971இல் வேலூர் சி.எம்.சி.யிலும் சிறுநீரகம் மாற்றிவிட்டார்கள். அப்புறம் சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வருமளவுக்கு வியாபாரம் சூடு பிடித்தது தனிக் கதை, சிரிக்க முடியாத கதை.

இரட்டையர் அல்லாதவர்கள் கதி? அதற்கு விடை திருவிடைமருதூரில். வரகுணபாண்டியனை விரட்டிவந்த பிரம்மஹத்தி மகாலிங்கசுவாமி கோயில் கிழக்கு வாசலில் காத்து நின்றது. ராஜா மேற்கு வாசல் வழியாக நழுவினார். உடம்பின் எதிர்ப்புசக்தியும் அதே ஜாதிதான், அந்நியச் சிறுநீரகத்தை விடாது துரத்தும். அதற்கு மேற்கு வாசல் திறந்தது நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சை: சைக்ளோஸ்போரின், 1980களில். ராஜா ஒரு தடவை தப்பினால் போதுமாக இருந்தது. நோயாளி ஆயுசுக்கும் மாத்திரை போடவேண்டும்; சில நாள் மறந்தால் போதும், பிரம்மஹத்தி மதிலைச் சுற்றிக்கொண்டு மேற்கு வாசலுக்கே வந்துவிடும்.