கசப்பாக ஆறு கேள்வி

கே: வேம்புக்கு நிலவேம்பு என்ன உறவு?

ப: கசப்பைத் தவிர ஒன்றுமில்லை. வேம்பு மரம், நிலவேம்பு இடுப்பளவுகூட வளராத செடி. தாவரவியல்படி அதன் பங்காளிகள் ஆடாதோடையும், தலையில் சூடுகிறோமே, அந்தக் கனகாம்பரமும்தான். ஒரே குடும்பத்தில் ஒருத்தி கசப்பு, ஒருத்தி அழகு. எந்த வீட்டில் இல்லை?

கே: நிலவேம்புக் குடிநீர்ப் பொடி வாங்கினேன். பொட்டலத்தில் ஒன்பது சரக்கு எழுதியிருக்கிறதே, ஏமாற்றா?

ப: ஒன்பதும் இருந்தால்தான் அது நிலவேம்புக் குடிநீர். வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று எட்டுப் பேர் துணைக்கு. பெயரைத் தட்டிக்கொண்டு போனது நிலவேம்பு மட்டும். 5 கிராம் பொடியை 200 மில்லி தண்ணீரில் போட்டு, 50 மில்லியாகச் சுண்டும்வரை சிறு தீயில் காய்ச்சி, வடிகட்டி, இளஞ்சூட்டில் குடிக்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போது வெட்டிவேர் மணத்துக்கு நாக்கு ஊறும். முதல் மடக்கில் தெரிந்துவிடும் சங்கதி. காலையில் காய்ச்சியதை ராத்திரி சுடவைத்துக் குடிக்காதீர்கள். அது பழைய குழம்பு இல்லை.

கே: டெங்குவுக்கு இது ஒன்றே போதும் என்கிறார் என் மைத்துனர்.

ப: 2012-ல் டெங்கு பரவியபோது அரசே ஊர் ஊராக ஊற்றிக் கொடுத்தது. 2017-ல், ஆராய்ச்சி முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தன் நற்பணி இயக்கத்தாருக்குச் சொல்ல, பெரிய சண்டையே நடந்தது. என் கட்சி இதுதான்: காய்ச்சலில் உடம்பு வலிக்குத் துணையாகக் குடிக்கலாம். ரத்தப் பரிசோதனைக்குப் பதிலாகக் குடிக்கக் கூடாது. காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்றுவலியோ விடாத வாந்தியோ வந்தால், டம்ளரை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மைத்துனரையே ஆட்டோ பிடிக்கச் சொல்லுங்கள்.

கே: வாசலில் சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராதாமே?

ப: சிறியாநங்கை என்பதும் நிலவேம்புதான். பாம்பு நாக்கை நீட்டுவது வாசனை பிடிக்க, இலையைக் கடித்துப் பார்க்க அல்ல. எலி இருந்தால் வரும். இதைவிட ஆபத்தானது இன்னொரு நம்பிக்கை: கடிபட்டவருக்கு இந்த இலையைக் கொடுத்து, கசந்தால் விஷமில்லை என்று முடிவு கட்டுவது. அந்த நேரத்தில் 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, செடியில் இல்லை.

கே: சர்க்கரைக்கு இந்தக் குடிநீரைத் தினமும் குடிக்கலாமா?

ப: மாத்திரையும் போட்டு இதையும் குடித்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.

கே: இந்தக் குடிநீரைக் கண்டால் என் பேரன் வாயே திறக்க மாட்டேன் என்கிறான்.

ப: வயதுக்கேற்ற அளவைச் சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் நீங்கள் முகம் சுளிக்காமல் ஒரு மடக்கு குடித்துக் காட்டுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.