கருவறையில் ட்யூப்லைட்

பெறுநர்: நிர்வாகத்தார் அவர்கள், 20-ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோஸ், லாஸ் ஏஞ்சலஸ்.

பொருள்: 'ஏலியன்' படத்தொடருக்கு மூல இயக்குநரைக் கொண்டு வைத்தியம் பார்த்தது குறித்து, நோயாளியின் உறவினர் முறையீடு.

ஐயா,

2020-இல் பெயர்ப்பலகையிலிருந்து 'ஃபாக்ஸ்' என்ற நரியை மட்டும் அவிழ்த்துவிட்டு, '20-ஆம் நூற்றாண்டு' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். பழையதை விடாத உங்கள் குணம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த படத்தில் ஏழு பேர், ஒரு பூனை, ஒரு சரக்குக் கப்பல். நடுவே ஒரு காட்சி. ஆளில்லாக் கோளில் பாழடைந்த வேற்றுக் கப்பல். உள்ளே இருக்கையோடு இருக்கையாகக் கல்லாகிப்போன ராட்சத மாலுமி. விலா எலும்புகள் உள்ளிருந்து வெளியே வெடித்திருக்கின்றன. யார் அவன், எந்த ஊர்? படம் வாய் திறக்கவில்லை. சுவிஸ் ஓவியர் கீகர் கற்பனையில் பிறந்த அந்த உருவம் இன்னும் பெரிதாகத் தெரியட்டும் என்று, தம் பிள்ளைகளுக்கு விண்வெளி உடை மாட்டிவிட்டு எதிரே நடக்கவிட்டார் ஸ்காட். "கதைக்கு இது எதற்கு, இவ்வளவு செலவா?" என்று அன்றைய உங்கள் கணக்குப்பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். நல்லவேளை, அரங்கு தப்பியது.

பிறகு 1986-இல் ஜேம்ஸ் கேமரன் மானத்தைக் காப்பாற்றினார். 1992-இல் நாயகி ரிப்ளியை உலையில் தள்ளினீர்கள். 1997-இல் நகலெடுத்து எழுப்பினீர்கள். 2004-இல் ஏலியன் ஜந்துவை 'பிரிடேட்டர்' வகையறாவோடு மல்லுக்கு விட்டீர்கள். 2007-இல் என்ன நடந்தது என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

உற்சவர்களை வைத்து ஓட்டியது போதும், மூலவரையே வீதிக்குக் கொண்டுவருவோம் என்று அப்போதுதான் உங்களுக்குத் தோன்றியது. 33 ஆண்டு கழித்து, 2012-இல் 'ப்ரொமீதியஸ்'. அந்த மாலுமி யார் என்று சொல்ல மட்டும் 10 கோடி டாலருக்கு மேல். கிடைத்த பதில்: தும்பிக்கை மாதிரித் தெரிந்தது தலைக்கவசமாம். கழற்றினால் உள்ளே வெளுத்த மொட்டைத் தலை ஆள், தினமும் தண்டால் எடுப்பவர் போல.

கிழவர் ஸ்காட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஐஸ்லாந்தின் டெட்டிஃபோஸ் அருவியை வைத்து அவர் படத்தைத் தொடங்குகிற அழகு ஒன்றே போதும், கண் மங்கவில்லை என்பதற்கு. ஆனால் அவர் கதையில் வரும் விஞ்ஞானிகள்? முன்பின் தெரியாத கோளில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்கள். பாம்பு போல் சீறும் ஜந்துவை ஒருவர் கொஞ்சப் போகிறார். சக்கரம்போல் உருண்டு வரும் கப்பலின் பாதையிலேயே நேராக ஓடுகிறார் ஒரு பெண்மணி. பக்கத்தில் நாலடி நகர்ந்திருந்தால் இன்றைக்கும் இருப்பார்.

படம் சுமார் 40 கோடி டாலர் வசூலித்ததால், விளக்கத்துக்கு விளக்கம் வேண்டியதாயிற்று. "எங்களை ஏன் படைத்தீர்கள், ஏன் அழிக்க நினைத்தீர்கள்?" என்று, மனிதரைப் படைத்த அந்த மொட்டைத் தலை ஆட்களையே கேட்கப் புறப்பட்டார் விஞ்ஞானி எலிசபெத் ஷா. 2017-இல் வந்த 'கவனன்ட்' பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டவரைக் கொன்றுவிட்டது, அதுவும் திரைக்கு வெளியே. பதில் சொல்ல வேண்டியவர்களும் ஒரே காட்சியில் காலி. அண்டத்தின் எந்த மூலையிலிருந்து வந்ததோ என்று நாங்கள் நடுங்கிய ஜந்து, டேவிட் என்ற இயந்திர மனிதன் ஓய்வு நேரத்தில் செய்த கைத்தொழிலாம். வசூல் 24 கோடியாக இறங்கியது.

2024-இல் உருகுவே நாட்டு ஃபெடே ஆல்வாரஸிடம் 'ரோமுலஸ்' போனது. ஸ்காட் தயாரிப்பாளராகப் பின்னால் நின்றார், 35 கோடி வந்தது. அதிலும் சும்மா இருந்தீர்களா? 2020-இல் மறைந்த இயன் ஹோமின் முகத்தைக் கணினியில் உயிர்ப்பித்து வேலை வாங்கினீர்கள். முதல் படத்தில் அவர் நடித்த பாத்திரம், 'ஆட்கள் போனாலும் பரவாயில்லை, ஜந்து வந்து சேரவேண்டும்' என்ற கம்பெனி உத்தரவைச் சுமந்துவந்த இயந்திர மனிதன். அந்த உத்தரவை வில்லத்தனம் என்று நினைத்தே நாங்கள் கைதட்டினோம். உங்கள் அலுவலகத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

ஒரே விண்ணப்பம். கருவறை இருட்டாக இருப்பது மின்வெட்டால் அல்ல. மிச்சமிருக்கும் மூலைகளிலும் ட்யூப்லைட் மாட்ட ஆள் தேடாதீர்கள். குறிப்பாக, அந்தப் பூனை ஜோன்ஸ் யார் வீட்டுக் குட்டி, கப்பலில் எப்படி ஏறியது என்று ஒரு படம் வேண்டாம். 1986-இல் ரிப்ளி மறுபடி கிளம்பியபோது, கூடப் போகாமல் நிலையத்திலேயே சுருண்டு படுத்துக்கொண்டது அது. எழுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
இதுவரை எல்லாப் பாகத்துக்கும் டிக்கெட் வாங்கியவன்