பட்டும் படமும்

கேள்வி: பட்டு உற்பத்தியைக் காட்டும் சீன நீர்வர்ண ஓவியங்கள் வெறும் அலங்காரந்தானா?

பதில்: அல்ல. தென் சோங் வமிசத்து அதிகாரி லோ ஷூ, 12-ஆம் நூற்றாண்டில் உழவுக்கு 21, நெசவுக்கு 24 எனப் படங்கள் எழுதிச் சக்கரவர்த்திக்குச் சமர்ப்பித்த காலந்தொட்டு, குடிகளின் பிரயாசையை ஆள்வோருக்கு உணர்த்துவதே அவற்றின் உத்தேசம். 1696-இல் காங்சி சக்கரவர்த்தி அவற்றைப் புதிதாக எழுதுவித்தார். அம்மரபைப் பின்பற்றியே, பிற்காலக் காண்டன் சித்திரக்காரர்கள் ஐரோப்பிய வர்த்தகர்களுக்கு நீர்வர்ணப் படங்கள் எழுதி விற்றார்கள். மூங்கில் தட்டில் முசுக்கொட்டை இலை தூவும் பெண்ணையும், வெந்நீரில் மிதக்கும் கூட்டிலிருந்து இழையைப் பிரிக்கும் விரல்களையும் அவற்றில் காணலாம். பட்டு உடுத்தியவர் அரண்மனையில் அமர்ந்தார். பட்டு நூற்றவளோ படத்தில் அமர்ந்தாள். அரண்மனைகள் போய்விட்டன, அவள் இருக்கிறாள்.