ஒரு வினாடி வேலை, ஒரு நாள் குனிவு

மேம்பாலத்தின் கான்கிரீட் தளத்தையும் அதைத் தாங்கும் இரும்பு கர்டரையும் ஒரே உடம்பாக வேலை செய்ய வைப்பவை, கர்டரின் மேல்தட்டில் வரிசையாக நிற்கும் குட்டைக் கம்பிகள். பட்டறையில் அவற்றை ஸ்டட் என்போம். பெரும்பாலும் 19 அல்லது 22 மில்லிமீட்டர் விட்டம். உச்சியில் சற்று அகன்ற தலை. பாரம் ஏறும்போது தளம் கர்டரின் மேல் வழுக்கப் பார்க்கும். ஸ்டட்டின் உடல் அதைத் தடுக்கும். தளம் மேலே எழப் பார்த்தால் தலை பிடித்துக்கொள்ளும். கான்கிரீட் கொட்டிய பிறகு அவற்றை ஒருவரும் பார்ப்பதில்லை. அவற்றைப் பதித்தவர்களையும் அப்படித்தான். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

1965இல் திருச்சியில் பெல் கொதிகலன் தொழிற்சாலை தொடங்கிய பின், துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பட்டறைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. 1980களின் பிற்பகுதியில் அப்படி ஒன்றில் ஹெல்பராகச் சேர்ந்தேன். பாய்லர் பாகங்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. பாலத்து வேலை எப்போதாவது வரும். வந்தால் ஸ்டட்டைக் கையால்தான் பற்றவைப்போம். மேல்தட்டில் சுண்ணாம்பு நூலடித்து, பஞ்ச் வைத்து இடம் குறிப்போம். ஹெல்பர் ஸ்டட்டை நேராகப் பிடிக்க, வெல்டர் இரண்டு இடத்தில் டேக் வைப்பார். பிறகு வெல்டிங் ராடைச் சாய்த்து அடியைச் சுற்றி வருவார். 19 மில்லிமீட்டர் ஸ்டட்டின் சுற்றளவு சுமார் 60 மில்லிமீட்டர். அந்தச் சின்ன வட்டத்தைச் சுற்றி 8 மில்லிமீட்டர் கால் உள்ள பற்று ஒரே சீராக அமைய வேண்டும். ராடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் குழி விழக்கூடாது. ஸ்டட்டின் உடலைத் தீ தின்றுவிடவும் கூடாது. கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டுப் பார்த்தால்தான் விழுந்தது நல்லதா கெட்டதா என்று தெரியும்.

ஒரு ஸ்டட்டுக்குப் பல நிமிடம் பிடிக்கும். முதலாளிக்கு அது நஷ்டக்கணக்கு. உடம்புக்கு அப்படியில்லை. வெல்டர் ஒரு பலகையைப் போட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். கைக்கெட்டிய தூரத்து ஸ்டட்டுகளை எல்லாம் முடித்துவிட்டுத்தான் எழுந்து பலகையை நகர்த்துவார். கண் எரியும், முழங்கால் பிடிக்கும், புகை நெஞ்சை அடைக்கும். ஆனால் அன்று முதுகுவலி என்று யாரும் தனியாகச் சொல்லிக் கேட்டதில்லை.

அப்புறம் கன் வந்தது.

ஸ்டட்டைப் பற்றவைக்கும் அந்தக் கைக்கருவி எங்களுக்குத்தான் புதிது. 1930களின் கடைசியில், கலிபோர்னியாவில் மேர் ஐலண்ட் கடற்படைக் கப்பல் தளத்தில் டெட் நெல்சன் என்பவர் உருவாக்கிய முறை அது. கப்பலின் இரும்புத் தளத்தோடு மரப்பலகைகளைப் பிணைக்க வேகமான வழி ஒன்று அங்கே தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் கப்பல்களில் பெருகி, பாலங்களுக்கும் மாடிக் கட்டடங்களுக்கும் வந்து, கடைசியில்தான் துவாக்குடியின் சின்னப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

அதன் வேலையை முதன்முதலில் பார்த்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. ஸ்டட்டைக் கன்னின் வாயில் செருகுவார்கள். அதன் முனையில் பொட்டாக அலுமினியம் வைத்திருக்கும். ஆர்க் பிடிப்பதற்கும், உருகிய இரும்பிலிருந்து ஆக்சிஜனை விரட்டுவதற்கும் அது உதவும். அடியில் பெர்ரூல் என்ற பீங்கான் வளையம். கன்னைத் தட்டில் செங்குத்தாக ஊன்றி விசையை அழுத்தினால், ஸ்டட் சுமார் 3 மில்லிமீட்டர் தானாக மேலே எழும். அந்த இடைவெளியில் ஆர்க் எரியும். 19 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 1500 ஆம்பியருக்குக் குறையாத மின்சாரம்; நேரம் ஒரு வினாடிக்கும் குறைவு. ஸ்டட்டின் முனையும் தட்டின் மேற்பரப்பும் உருகியதும் ஸ்பிரிங் ஸ்டட்டை அந்த உருக்கில் இறக்கிவிடும். பிதுங்கும் இரும்பைப் பீங்கான் வளையம் பிடித்து, சுற்றிலும் காலராக வார்க்கும். கன்னை எடுத்து, சின்னச் சுத்தியால் தட்டி வளையத்தை உடைத்தால், அடியில் நீலம் பாய்ந்த பளபளப்போடு காலர் தெரியும். ஸ்டட் 5 மில்லிமீட்டர் வரை குட்டையாகியிருக்கும். கையால் சுற்றிச் சுற்றிப் போட்ட பற்றை விட இது பலமானது, ஏனென்றால் ஓரம் மட்டுமின்றி முழு அடிப்பரப்பும் தட்டோடு உருகிச் சேர்ந்திருக்கிறது.

எங்கள் பட்டறையில் அந்தக் கன்னை முதலில் பிடித்தவரை எல்லோரும் பெரியண்ணன் என்போம். ராடில் நல்ல கை. கன் வந்த பிறகு அவருடைய காதுதான் பேசப்பட்டது. நல்ல ஸ்டட்டின் சத்தம் சுருக்கமாகத் தெறிக்கும். மின்சாரம் குறைந்தால் இழுத்தாற்போல் கேட்கும். அன்றைய மெஷின், கிரேன் வைத்துத்தான் நகர்த்த வேண்டிய டிரான்ஸ்பார்மர் பெட்டி. பக்கத்து ஷெட்டில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும்; இங்கே ஸ்டட் ஒட்டியதுபோல் நின்று, தட்டினால் கழன்று வரும். பெரியண்ணன் தலையைத் திருப்பாமலே, “தம்பி, அவன் நிறுத்துற வரைக்கும் டீ குடிச்சிட்டு வாடா” என்பார். எர்த் கவ்வியை ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் ஆர்க் விலகி ஊதும், காலர் ஒருபுறம் தடித்து மறுபுறம் வாய் திறந்திருக்கும் என்றும், இரண்டு பக்கமும் சமதூரத்தில் கவ்வ வேண்டும் என்றும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மழைக்காலத்தில் பெர்ரூல் பெட்டியைத் தரையில் வைக்க விடமாட்டார். ஈரம் குடித்த பீங்கானோடு அடித்த ஸ்டட்டின் காலரில் பொத்தல் பொத்தலாக இருக்கும். ராடு காயவைக்கும் அடுப்பிலேயே 120 டிகிரியில் இரண்டு மணிநேரம் வைத்து எடுத்துத்தான் கொடுப்போம்.

கன் வந்ததில் ஒரு விபரீதம் இருந்தது. அதை நான் கவனிக்க ஆண்டுகள் பிடித்தன. பல நிமிட வேலை ஒரு வினாடியானதும் உட்கார்ந்து செய்ய நேரமே இல்லாமல் போயிற்று. கர்டரின் மேல் ஏறி நின்று, இடுப்பை மடித்து, கன்னைப் பாதத்தருகே ஊன்றி, அடித்து, நிமிர்ந்து, அடுத்த ஸ்டட்டைச் செருகி, மறுபடி மடங்க வேண்டும். 30 மீட்டர் கர்டரில் 150 மில்லிமீட்டருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு மூன்று ஸ்டட் என்றால் 600 ஸ்டட். ஐந்து கர்டர் கொண்ட பாலத்தின் ஒரு கண்ணுக்கு 3000. தேர்ந்த கை ஒரு நாளில் ஆயிரத்தைத் தாண்டும். ஆயிரம் ஸ்டட் என்றால் ஆயிரம் குனிவு. தடித்த கேபிளின் பாரமும் கையோடு தொங்கும். முன்னால் பெர்ரூல் வைத்துப் போகிற ஹெல்பர் தனியாகக் குனிகிறார். பின்னால் பீங்கானை உடைத்து வருபவர் இன்னொரு தடவை. ஆர்க் எரியும் நேரத்தைக் குறைத்த அதே கருவி, அதைப் பிடித்தவரின் முதுகுக்கு வேலையைப் பெருக்கியது. கூலியும் ஸ்டட் கணக்கில் ஆனதால், நிமிர்ந்து மூச்சு விடுபவனுக்குக் காசு குறைந்தது.

பெரியண்ணனால் ஐம்பது வயதுக்கு மேல் கன்னைத் தொட முடியவில்லை. பெல்ட் கட்டிக்கொண்டு ஸ்டோரில் உட்கார்ந்து பெர்ரூல் எண்ணிக் கொடுத்தார். வயதாகிவிட்டது என்று பட்டறை சொன்னது. அவரும் அதையே சொன்னார். நான் அதை ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. கொதிகலன் குழாயில் அதே வயதில் ராடு பிடித்தவர்கள் நிமிர்ந்து நடந்து கொண்டிருந்தார்கள்.

இப்போது நான் பற்றவைப்பைச் சரிபார்க்கும் ஆள். இன்று வருகிற இன்வெர்ட்டர் மெஷினை மனதாரப் பாராட்டுகிறேன். இரண்டு பேர் தூக்கிக் கொண்டு போகலாம். வோல்டேஜ் ஆடினாலும் குறிப்பிட்ட ஆம்பியரை இழுத்துப் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம் என்று பதிவு செய்கிறது. எல்லை மீறினால் சிவப்பு விளக்கு எரிகிறது. பெரியண்ணனின் காது செய்த வேலையைப் புதிதாகச் சேர்ந்த பையனும் திரையைப் பார்த்துச் செய்ய முடிகிறது. அந்தத் திறமை ஒருவரின் காதோடு போய்விடாமல் எல்லோருக்கும் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். மெல்லிய தகட்டுக்கு இன்னொரு வகை இருக்கிறது. மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தைச் சில மில்லி வினாடியில் கொட்டி 3 முதல் 8 மில்லிமீட்டர் வரையுள்ள சின்ன ஸ்டட்டைப் பதிப்பார்கள். தகட்டின் மறுபக்கத்தில் தழும்பு தெரியாது. அது பெட்டி, பேனல் செய்பவர்களின் உலகம்.

சோதனை முறை மட்டும் மாறவில்லை. அமெரிக்க விதிப்படி ஒவ்வொரு நாளும் உற்பத்தி தொடங்குமுன் முதல் இரண்டு ஸ்டட்டை அடித்து, சுற்றிலும் 360 பாகையும் காலர் இருக்கிறதா என்று பார்த்து, சுத்தியால் சுமார் 30 பாகை வளைக்க வேண்டும். வளைந்தும் விரிசல் இல்லையென்றால்தான் அன்றைக்கு வேலை. பிறகு எதிலாவது காலர் முழுதாக இல்லாவிட்டால், குறை இருக்கும் பக்கத்துக்கு எதிர்த்திசையில் அதை 15 பாகை வளைத்துப் பார்க்கிறோம். திரை பச்சை காட்டியிருந்தாலும் நான் சுத்தியைக் கீழே வைப்பதில்லை. மின்சாரம் சரியாக இருந்தும், தட்டில் துருவோ பெயிண்டோ இருந்தால் பற்று கெடும். அதை மெஷினால் பார்க்க முடியாது.

என் குறை வேறு. ஆர்க்குக்காக இவ்வளவு யோசித்த தொழில் முதுகுக்காக எவ்வளவு யோசித்தது? வழி இல்லாமல் இல்லை. கன்னை ஒரு நீண்ட தண்டின் அடியில் பொருத்தி, விசையை இடுப்பு உயரக் கைப்பிடிக்குக் கொண்டுவந்துவிட்டால் நின்றபடியே அடிக்கலாம். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குனிந்து அடிக்கும் வழக்கமான கன்னையும் நின்று அடிக்கும் அமைப்பையும் வைத்து, தொழிலாளர்களின் உடம்பு எவ்வளவு சாய்கிறது, தசை எவ்வளவு உழைக்கிறது என்று அளந்து 2011இல் வெளியிட்டார்கள். நின்று அடிக்கும்போது முதுகின் சாய்வு வெகுவாகக் குறைந்தது. மேர் ஐலண்டில் கன் பிறந்து எழுபது ஆண்டுக்குப் பிறகு ஒருவர் முதுகை அளக்கிறார் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தண்டு எல்லாவற்றையும் தீர்க்காது என்பதும் தெரியும். பெர்ரூல் வைக்கும் ஹெல்பர் குனிந்துகொண்டுதான் இருப்பார். கட்டடத்தின் மாடியில், தகட்டுத் தளத்தின் மேல் ஸ்டட் அடிக்கும்போது தரையே வேலை செய்யும் இடம். அங்கே தண்டைத் தவிர வேறு கதியில்லை. பட்டறையில் அடிக்கும் பாலக் கர்டருக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது, அதற்கு எந்த மெஷினும் வாங்க வேண்டாம்.

கர்டரைப் படுக்க வைத்து அடிக்க முடியாது. இந்தப் பருமனில் பக்கவாட்டில் அடித்தால் உருகிய இரும்பு கீழே வழிந்து காலர் கோணிவிடும். கர்டர் நின்றே ஆக வேண்டும். அதனால்தான் காலங்காலமாக ஆளை அதன் தலையில் ஏற்றினோம். ஆள் ஏன் மேல்தட்டில் நிற்க வேண்டும்? கர்டரின் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால், அதன் பக்கத்தில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடை போட்டால் போதும். மேல்தட்டு இடுப்புக்கு வந்துவிடும். அகலம் அதிகமென்றால் இரண்டு பக்கமும் மேடை. சமையல் மேடையில் நின்று வேலை செய்வது போல, வெல்டர், ஹெல்பர், பீங்கான் உடைப்பவர் மூவரும் நின்றபடி வேலை செய்யலாம். உயரத்திலிருந்து விழும் பயமும் குறைகிறது. கேபிளை மேலே ஒரு கொக்கியில் தொங்கவிட்டால் கையின் பாரமும் போய்விடும்.

இதை நான் முதலில் சொன்ன இடத்தில், “ஸ்டட்டுக்கு எவ்வளவு கூடும்?” என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான், மேடைக்கு இரும்பு வேண்டும், இடமும் வேண்டும், கர்டர் மாறும்போதெல்லாம் நகர்த்த ஆளும் நேரமும் வேண்டும். அதற்குப் பிறகு வாய்ச்சொல்லாகக் கேட்பதை விட்டுவிட்டேன். நான் எழுதிக் கொடுக்கும் வெல்டிங் முறைத்தாளில், ஆம்பியர், வினாடி, ஸ்டட் மேலே எழும் லிப்ட், எர்த் மாட்டும் இடம் ஆகியவற்றோடு, நிற்கும் மேடையின் உயரத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறேன். தாளில் வந்துவிட்டால் அது கருவியின் ஒரு பகுதி, விலைப்புள்ளியிலும் சேர்ந்துவிடும்.

இப்போது நான் போகும் பட்டறையில் அப்படி ஒரு மேடை இருக்கிறது. முதல் வாரத்திலேயே கன் பிடிக்கும் பையன், “அண்ணே, எனக்கு இது உசரமா இருக்கு, தோள் வலிக்குது” என்றான். அவன் குள்ளம், அவனுக்கு முன் இருந்தவன் நெடியவன். முதுகைக் காப்பாற்றித் தோளைக் கெடுத்தால் என்ன பயன்? மேடையின் கால்களில் 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளை போட்டு, ஆளுக்கேற்றபடி பின்னை மாற்றிச் செருகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பிட்டர் துளைகளுக்கு மார்க் பண்ணிவிட்டார். டிரில் போடுவது நாளைக் காலை ஷிப்டில்.