கேமராக்காரர் முதுகும் கெட்டிமேளமும்

ஏலே பேராண்டி, மண்டபம் பிடிச்சாச்சு, நாதஸ்வரத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சு, சமையலுக்கு ஆள் சொல்லியாச்சுன்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வந்தே. எல்லாம் சரி. கடைசியில வீடியோக்காரத் தம்பி எழுதிக் கொடுத்த கடுதாசியை நீட்டினே பாரு, அங்கதான் எனக்குப் புரையேறிட்டு. கேண்டிட் ரெண்டு ஆளு, சாதா வீடியோ ரெண்டு ஆளு, ட்ரோன் ஒண்ணு, எல்.இ.டி. திரை ஒண்ணு, அவுட்டோர் ஷூட், சேவ் த டேட், டீசர், ஹைலைட்ஸ், கரிஸ்மா ஆல்பம். இம்புட்டுக்கும் நடுவுல தாலி எப்பம் கட்டணும்னு அந்தக் கடுதாசியில எங்கயும் காணோம். மாப்பிள்ளையும் பொண்ணும் வரணுமா, இல்ல அதுக்கும் அவுங்களே ஆள் போட்டுக்கிடுவாவளான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோ.

ஆவணியில முகூர்த்தம். ஆடியில அருவியில வச்சு அவுட்டோர் ஷூட்டாம். ஆடியில கல்யாணம்தான் ஆகாது, ஷூட்டிங் ஆகும் போல. நல்லாப் போய்ட்டு வா. ஆனா சீசன்ல குற்றாலத்துப் பேரருவிப் பக்கம் போயிருக்கியா? நீ கோட்டும் அந்தப் பிள்ளை தரையெல்லாம் கூட்டுத கவுனும் போட்டுக்கிட்டு நிக்கும்போது, பின்னால நூத்துக்கணக்குல ஆளுவ துண்டோட நிப்பாவ. ஒரு பெரிய மனுசன் ஈரத்துண்டை உதறி வயித்தைத் துடைக்குத நேரம் பாத்துத்தான் தம்பி 'ஸ்மைல் பண்ணுங்க'ம்பான். கையில பூச்செண்டு வச்சிருந்தா அதுக்குக் கொரங்கு முறை கொண்டாடும். அந்தக் கூட்டத்துல ஒரு மாற்றம் மட்டும் வந்திருக்கு: அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகாதுன்னு உயர் நீதிமன்றத்து மதுரைக் கிளை சொல்லி வருசமாச்சு. அதனால எண்ணெய் வடியுத முதுகு உன் படத்துல விழாது. அந்த மட்டும் உனக்கு யோகம்.

கிண்டல் ஒரு பக்கம் கெடக்கட்டும். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்துல என்ன நடந்துதுன்னு ஞாபகம் இருக்கா? குளிச்சிக்கிட்டு இருந்த ஆளுவளுக்கு நிதானிக்க நேரமில்ல, திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தனை அடிச்சிக்கிட்டுப் போயிட்டு. இங்க கீழ வெயில் சுள்ளுன்னு அடிக்கும், மேல மலையில மழை கொட்டியிருக்கும். தண்ணிக்கு உன் ஷூட்டிங் நேரம் தெரியாது. பேரருவியில ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுதுன்னாலோ, போலீஸ்காரர் கயிறு கட்டிட்டார்னாலோ, 'அண்ணாச்சி, ஒரே ஒரு ஷாட்'னு அவர்கிட்ட கெஞ்சாதே. வண்டியைத் திருப்பு. செண்பகாதேவி அருவிக்கு மேல ஏறிருவோம்னு தம்பி ஆசை காட்டுவான். அது வனத்துறைக் காடு. கல்யாணத்துக்கு முந்தியே மாப்பிள்ளை அபராதம் கட்டின கதையை ஊரு ரொம்ப நாளைக்குப் பேசும்.

படம் பிடிக்கத்தான் ஆசைன்னா சுந்தரபாண்டியபுரம் போ. 1992ல மணிரத்னம் 'ரோஜா'வுக்குத் தேடி வந்த ஊரு. 2005ல 'அந்நியன்' பாட்டுக்காக ஷங்கர் ஆளுவ பாறைக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சதும் அந்தப் பக்கம்தான். ஆடி, ஆவணியில சூரியகாந்தி பூத்துக் கெடக்கும், கேரளத்துல இருந்து கார் கட்டி வந்து பாக்காவ. காட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரப்போட நில்லு. உள்ள எறங்கி மிதிச்சிராதே. உனக்கு அது பின்னணி, அவருக்கு அது எண்ணெய் வித்து.

அதுவும் தூரம்னா நம்ம தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசலே போதும். ஒன்பது நிலைக் கோபுரம், 1990ல புதுசாக் கட்டிக் கும்பாபிஷேகம் பண்ணினது. அந்த வாசல்ல அடிக்குத காத்துக்கு உள்ளூர்க்காரன் எவனும் விளக்கம் கேக்க மாட்டான். சேலைத் தலைப்பு தானாப் பறக்கும், வாடகைக்கு ஃபேன் வேண்டாம். ஆனா படமெல்லாம் வாசலோட நிக்கட்டும். கோயிலுக்குள்ள செல்போன் கூடாதுன்னு 2022 டிசம்பர்ல கோர்ட்டு சொல்லியாச்சு. சாமியை நீ நேர்ல பாத்துக் கும்பிட்டாலே போதும். அவருக்கு ரீல்ஸ் வேண்டாம்.

அடுத்து இந்தத் தும்பி. ட்ரோன்னு சொல்லுதாவளே, அது. 2021ல அரசாங்கம் அதுக்குன்னே விதி போட்டிருக்கு. 250 கிராமுக்கு மேல எடை இருந்து தொழிலுக்குப் பறக்க விடுதான்னா ஓட்டுதவனுக்குச் சான்றிதழ் வேணும், ட்ரோனுக்கும் பதிவெண் வேணும். பச்சை மண்டலம்னு குறிச்ச எடத்துலயே 120 மீட்டருக்கு மேல போகக் கூடாது. கேட்டா உன் தம்பி 'அதெல்லாம் பாத்துக்கிடலாம் அண்ணே'ம்பான். பாத்துக்கிடப் போறது அவன் இல்ல, நீ. சரி, பறந்துதுன்னே வையி. மேல இருந்து என்னத்தப் பிடிக்கும்? மண்டபத்து மொட்டை மாடி, கறுப்புத் தண்ணித் தொட்டி, செருப்புக் குவியல், அப்புறம் சொட்டை விழுந்த தலைகள். அதுல உன் மாமனார் தலை எதுன்னு கண்டுபிடிக்கிறவனுக்குப் பரிசு வைக்கலாம். அதை மண்டபத்துக்குள்ள விட்டுட்டாலோ, ஹோமப் புகை பூராவும் பந்திக்குப் போயிரும்.

இம்புட்டும் சொல்லுத கிழவனுக்கு வீடியோன்னாலே பிடிக்காதுன்னு நினைச்சிராதே. பிடிக்கும். டெக்கும் கேசட்டும் வந்த காலத்துல உன் அப்பன் கல்யாணத்துக்கு வீடியோ வச்சது நான்தான். லைட் பிடிக்க ஒரு பய நிப்பான். அந்த வெளிச்சத்துல பொண்ணுக்குப் பவுடர் கரையும், மாப்பிள்ளைக்குக் கண்ணு கூசும், ஐயருக்கு மந்திரம் மறக்கும். கடைசியில ரெண்டு பேரையும் இதயத்துக்குள்ள போட்டுச் சுத்த விட்டிருப்பாவ. இப்பம் அந்தக் கேசட்டை மாத்தி எடுத்து டிவியில போட்டா நடக்குத கூத்தைக் கவனிச்சியா? மணவறை வருதப்ப எல்லாரும் செல்போனைப் பாக்காவ. பந்தி வந்ததும் நிமுந்து உட்காருதாவ. 'ஏட்டி, அந்தா பெரியத்தான், இலையில அவியலை வழிக்கதைப் பாரு', 'ஐயோ, கோமதி சித்தி, எம்புட்டு ஒல்லியா இருந்திருக்கா', 'அந்தத் தூணுகிட்ட நிக்கது யாரு? நம்ம தாத்தாவா?' தாத்தா வாறது ரெண்டு நொடி. கேமரா அவரைத் தாண்டி அலங்கார வளைவைப் பாக்கப் போயிரும். அந்த ரெண்டு நொடியைத்தான் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுதாவ.

அதனால கடுதாசியைக் கீழ வச்சிட்டு, வெள்ளைத்தாள் ஒண்ணு எடு. ஆளுவ பேரை எழுது. எண்பது தாண்டினவங்க முதல்ல. (என் பேரை நடுவுல எங்கயாவது போடு. முதல்ல போட்டேன்னா எனக்கு ஒரு வகையா இருக்கும்.) அப்புறம் வெளிநாட்டுல இருந்து லீவு போட்டு வாறவங்க, சின்ன வயசுல உன்னைத் தூக்கி வளத்தவங்க, முறுக்கிக்கிட்டு மண்டபத்து வாசல்லயே நிக்கப் போற உன் சின்ன மாமா. ஒவ்வொருத்தரையும் அரை நிமிசமாவது முகம் தெரிய, சிரிச்சோ திட்டியோ பேசுதப்ப பிடிக்கணும். கேமராக்காரத் தம்பிக்கு யாரு யாருன்னு எப்படித் தெரியும்? கூடவே நம்ம சொந்தக்காரப் பொம்பளை ஒருத்தியை அனுப்பு. ஊர்ப்புரணி நல்லாப் பேசுதவளாப் பாத்து அனுப்பு. அவளுக்குத்தான் எல்லாக் கிளையும் தெரியும். யாரை யாரு பக்கத்துல உட்கார வச்சிரக் கூடாதுங்கிற விவரமும் தெரியும்.

தாலி கட்டுத நேரத்துக்கு ஒரு கட்டுப்பாடு வேணும். இப்பமெல்லாம் மணவறையில நாலு கேமரா, ரெண்டு லைட்டு, குச்சியில கட்டின செல்போன் ஆறு. கீழ உட்கார்ந்திருக்க சனம் தாலி கட்டுததைப் பாக்கவா செய்யுது? கேமராக்காரர் முதுகைப் பாத்து அட்சதை போடுது. போன தை மாசம் ஒரு கல்யாணத்துல 'லைட் சரியில்ல, இன்னொருக்க கட்டுங்க'ன்னு ஒரு தம்பி சொன்னான். பொண்ணோட ஆச்சி எந்திச்சா பாரு, அதுதான் அந்த வீடியோவுலயே நல்ல காட்சி. முன்னாடியே சொல்லி வை: மேல ஒருத்தர் ஓரமா, குத்தவச்சு உட்கார்ந்து எடுக்கட்டும். கீழ ஒருத்தர் கூட்டத்து முகங்களை எடுக்கட்டும். மறு டேக் கெடையாது.

சத்தத்துக்கு வாரேன். இதுலதான் எனக்குக் கோவம் ஜாஸ்தி. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கைநிறையக் காசு கொடுத்துக் கூட்டிட்டு வாறோம். தாலி ஏறுத நேரம் கெட்டிமேளம் கொட்டும், நம்ம பொம்பளைய குலவை விடுவாவ. வீடியோவுல போட்டுப் பாத்தா அது ஒண்ணும் கேக்காது. மேல ஒரு சினிமாப் பாட்டை ஏத்தி விட்டுருக்கான். அந்தப் பாட்டை நம்ம ரேடியோவுலயே கேட்டுக்கிட மாட்டோமா? இதுல வில்லங்கமும் இருக்கு. 1957ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு, கல்யாண வைபவத்துல பாட்டுப் போடுததைக் குத்தம்னு சொல்லல. அது மண்டபத்தோட சரி. அதே பாட்டை ஒட்டி யூட்யூப்ல ஏத்தினா, அந்த மிஷினே கண்டுபிடிச்சு சத்தத்தை அமுக்கிப்பிடும். துபாய்ல இருக்க உன் அத்தை ஊமைப்படம்தான் பாப்பா. தவில்காரர் பக்கத்துல சின்ன மைக் ஒண்ணு வைக்கச் சொல்லு. மணவறையில ஒண்ணு, ஐயர் வேட்டி முடிச்சுல ஒண்ணு. மந்திரத்துக்கு நடுவுல அவர் சமையல்காரரைத் திட்டுததும் சேந்து பதியும். பதியட்டும்.

என்னைக் கேட்டா, கல்யாணத்தன்னைக்கு எடுக்கதை விட மறுவீட்டன்னைக்கு எடுக்கணும். அன்னைக்குத்தான் யாருக்கும் அவசரம் கெடையாது. சொதியும் இஞ்சிப் பச்சடியும் இலையில விழுந்த பொறவு திண்ணையில சாஞ்சுக்கிட்டுப் பேசுவாவ பாரு, அதுதான் பேச்சு. அங்க பெரிய கேமரா வேண்டாம். உன் செல்போனை ஜன்னல்ல சாத்தி வச்சாப் போதும். ஆச்சியைக் கூப்பிட்டு, 'உன் கல்யாணத்துக்கு எந்த ஊர்ல இருந்து வில்வண்டி வந்துது'ன்னு ஒரே ஒரு கேள்வி கேளு. அப்புறம் நீ வாயை மூடிக்கிட்டு இருக்கதுதான் கஷ்டம்.

மத்த விசேஷத்துக்கும் ஒரு பேச்சு. முதல் பிறந்தநாளுக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கேக் வெட்டினா பிள்ளை தூங்கிரும், அப்பன்தான் படத்துல சிரிப்பான். சாயங்காலமே முடி. சடங்கு வீட்டுக்கு வீடியோ, ட்ரோன், ரோட்டை மறிச்சு பேனர்னு கெளம்பியிருக்காவளே, அது எனக்குப் பிடிக்கல. ஊருக்கெல்லாம் பத்திரிகை கொடுக்கிறவங்க அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டாவளா? அவ வேண்டாம்னா வேண்டாம். மத்த வீட்டுப் பிள்ளைய படத்தை அவுங்களைக் கேக்காம ரீல்ஸ்ல ஏத்துததும் ஆகாது.

எடுத்ததைப் பத்திரம் பண்ணுததுல நம்ம ஊருக்குன்னு ஒரு சங்கடம் உண்டு. சாரல். மாசக்கணக்குல ஈரக்காத்து அடிக்குத ஊருல வீடியோ கேசட்டுக்குப் பூஞ்சை பிடிக்கும், டிவிடிக்கும் பிடிக்கும். பூஞ்சைக்குத் தப்பினாலும் போட்டுப் பாக்க மிஷினு வேணுமே. டெக் செஞ்சுக்கிட்டு இருந்த கடைசிக் கம்பெனி, ஜப்பான்ல ஃபுனாய், 2016லயே நிறுத்திட்டு. உன் பரண்ல கேசட் கெடந்தா இந்த வாரமே கொண்டுபோய் டிஜிட்டலா மாத்திப்பிடு. பத்திரம் பண்ணுததுன்னா என்னன்னு கேளு: பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டுல நம்ம காசி விசுவநாதர் கோயிலைக் கட்டினப்போ, பின்னால இதைப் பேணப்போறவங்க காலில இப்பமே விழுந்து கும்பிடுதேன்னு கல்லுல வெட்டி வச்சுட்டுப் போயிருக்கான். நீயோ பேனா முனை அளவு ஒரு பென்டிரைவை வாங்கி அரிசி டப்பாவுல போட்டு வைக்கே. 4கேன்னு சொல்லுதாவளே, நொடிக்கு 100 மெகாபிட் வச்சு எடுத்தா ஒரு மணி நேரத்துக்கே 45 ஜிபி ஆகும். அதனால எடிட் பண்ணினது மட்டுமில்லாம, எடுத்தது பூராவும் ஒரு ஹார்டு டிஸ்க்ல கேட்டு வாங்கு. இன்னொரு பிரதி உன் மாமியா வீட்டுல, மூணாவது வெளியூர்ல இருக்க அக்காகிட்ட. மூணு வீட்டுலயும் ஒரே நாள்ல தண்ணி ஏறாது.

நீளத்தையும் பேசு. மூணு மணி நேரப் படத்தை யாரு பாப்பா? நீயே பாக்க மாட்டே. இருபது நிமிசத்துக்கு ஒண்ணு கேளு, பந்தியை மட்டும் வெட்ட வேண்டாம்னு சொல்லு.

கேமராக்காரத் தம்பிக்கு முதல் பந்தியிலயே இலை போடு. விடிய நாலு மணிக்கு வந்து நிக்குத பய அவன். மூணு மணி வரைக்கும் பட்டினி போட்டேன்னா, மாலை மாத்துத நேரத்துல பிரானூர் பார்டர்ல புரோட்டாவுக்குச் சால்னா ஊத்திக்கிட்டு இருப்பான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

காசு விசயத்துல மட்டும் தயவு பாக்காதே. பேசுதப்ப கொஞ்சம், கல்யாணத்தன்னைக்குக் கொஞ்சம், படம் கையில வந்த பொறவு மிச்சம். எந்தத் தேதிக்குத் தருவேன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிரு. கீழத்தெருவுல ஒரு பய முழுக்காசையும் முதல்லயே கொடுத்தான். அவன் பிள்ளைக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிச்சாச்சு. கல்யாண வீடியோ இன்னும் எடிட்டிங்லதான் இருக்கு.