மலைக்கு என்ன சம்பளம்?

கேள்வி: பெர்சிவல் மோல்சன் மைதானத்துக்குக் கனேடிய ஃபுட்பால் பார்க்க மகன் இழுத்துக்கொண்டு போனான். டிஃபென்சிவ் லைன்மேன் என்று ஒரு மலையைக் காட்டி, "அப்பா, இவருக்குப் பெரிய சம்பளம்" என்றான். அந்த மனுசன் கடைசிவரை பந்தைத் தொடவேயில்லை. காசு தண்டம்தானே?
- ஒரு வாசகர், மொன்றியல்

பதில்: பந்தைத் தொடுவதா அவர் வேலை? பந்தை எறியும் எதிரணிக் குவாட்டர்பேக்கைத் தொடுவது, அதுவும் அவர் பந்தை எறியுமுன், மண்ணைக் கவ்வும்படி! அதற்குப் பெயர் 'சாக்'. உங்கள் மொன்றியல் அலுவெட்ஸ் அணியின் ஜோன் பௌமன் 2006 முதல் 2019 வரை ஒரே அணிக்கு ஆடி 134 சாக் எடுத்தவர்.

ஆனால் சாக்கை மட்டும் எண்ணிச் சம்பளம் பேசினால் ஏமாந்துபோவீர்கள். மலையை மறிக்க இரண்டு பேர் நின்றால், பக்கத்தில் நிற்பவருக்கு வழி திறக்கும். சாக் அவர் பெயரில், மலைக்குப் பூச்சியம்.

சம்பளத்தையும் பார்ப்போம். 2024இல் கனேடிய ஃபுட்பால் லீக்கில் ஓர் அணி முழுவதற்குமான சம்பள உச்சவரம்பு சுமார் 55 லட்சம் கனேடிய டாலர். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் அணியில் இதே வேலை பார்க்கும் மைல்ஸ் காரட் ஒருவருக்கே, 2025 ஒப்பந்தப்படி, ஆண்டுக்குச் சராசரி 4 கோடி அமெரிக்க டாலர். உங்கள் லீக்கின் ஒன்பது அணிகளுக்கும் படியளந்து மிச்சம் பிடிக்கலாம்! அவர் 14 சாக் எடுத்த 2024இல் அவர் அணி வென்றது 17 ஆட்டங்களில் 3. அதற்குப் பிறகுதான் இந்த உயர்வு. (நம் ஆபீஸ்களில் நடக்குமா?)

உங்கள் மலையை இரண்டு பேர் மறித்திருந்தால் சம்பளம் நியாயம். ஒருவரே சமாளித்திருந்தால், டிக்கெட் காசை மகனிடம் திருப்பிக் கேளுங்கள்.