அப்டேட்டுக்கும் ஓர் இ-வே பில் போடுங்கள்

அனுப்புநர்:
இரும்புக் கடைக் கணக்கெழுத்தன்,
சாத்தாங்காடு இரும்பு எஃகுச் சந்தை, சென்னை.

பெறுநர்:
மாண்புமிகு ஜிஎஸ்டி கவுன்சில், புது தில்லி.

பொருள்: வேலையைக் கெடுக்கும் அப்டேட்டுகளைத் திருப்பி அனுப்ப அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தாங்களே 01.02.2018 அன்று பின்வாங்கிய நிகழ்வு.



முதலில் ஒரு பாராட்டு. இ-வே பில் விதிகளை எழுதியவருக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றினால் (தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சம்) 12 இலக்க எண் ஒன்று வேண்டும். என்ன சரக்கு, யார் அனுப்புவது, யாருக்குப் போகிறது, எந்த லாரி என்று எல்லாம் அதில் இருக்கும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆயுளும் உண்டு. எங்கள் கம்பி மதுரைக்குப் போக மூன்று நாள் கிடைக்கும்; நடுவில் டிரைவர் விழுப்புரத்தில் தூங்கலாம். அவசரத்தில் தப்பாகப் போட்டுவிட்டால், வழியில் யாரும் சோதிக்காதவரை, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். வாங்குகிறவரும் சும்மா இல்லை. ‘இது நான் கேட்ட சரக்கு இல்லை’ என்று 72 மணி நேரத்துக்குள், அல்லது சரக்கு கைக்கு வருவதற்குள் மறுத்துவிடலாம். வாயைத் திறக்காமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு.

ஆனால் எந்தப் பில்லும் இல்லாமல் ஒரு சரக்கு தினமும் எங்கள் கடைக்குள் வந்து இறங்குகிறது. எந்தச் செக்போஸ்ட்டும் அதை நிறுத்துவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் ‘சில பிழைகள் சரிசெய்யப்பட்டன, அனுபவம் மேம்படுத்தப்பட்டது’ என்று எழுதியிருக்கும். நாங்கள் அப்படி ‘சில இரும்பு, கொஞ்சம் தகடு’ என்று பில் போட்டால் மணலி விரைவுச் சாலையைத் தாண்டுவோமா?

எங்கள் பில்லிங் மென்பொருள் எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாம் ஒரே குணம். காலையில் ட்ரெய்லர் எடைமேடையில் ஏறி நிற்கும், பின்னால் நாலு லாரி ஹாரன் அடிக்கும். கணினியைத் திறந்தால் புது வெர்ஷன். நேற்றுவரை என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். இன்று என்டர் தட்டினால் பில் சேவ் ஆகிவிடும். டன்னில் இருந்த ஆங்கிள் கிலோவுக்கு மாறியிருக்கும். விரல் பழக்கத்தில் 12 என்று அடித்தால் 12 டன் ஆங்கிள் 12 கிலோவாக லாரி ஏறும். சேவை எண்ணுக்குப் போன் போட்டால் ஒரு தம்பி இனிமையாகச் சொல்வார்: “புது வெர்ஷன்ல அப்படித்தான் சார்.” பழையதையே போட்டுக் கொடுப்பா என்றால், “டேட்டா மாறிடுச்சு சார், இனிமே திரும்பாது.”

வியாதி அந்தக் கடைசி வார்த்தையில்தான் இருக்கிறது. புது வெர்ஷன் முதல் தடவை திறந்ததுமே எங்கள் கணக்குக் கோப்பைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அதன்பின் பழைய வெர்ஷனைத் தேடி எடுத்துப் போட்டாலும், அதற்கு எங்கள் கணக்கே படிக்கத் தெரியாது.

இதில் கவுன்சிலுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. பில்லிங் கம்பெனி தானாக மாறுவது பாதி. நீங்கள் மாறுவதால் மாறுவது மீதி. 2025 ஜனவரி முதல் 180 நாளுக்கு மேற்பட்ட பில்லுக்கு இ-வே பில் கிடையாது என்றீர்கள். அதே மாதம் பெரிய கடைகளுக்குத் தளத்தில் நுழைய ஓடிபி வந்தது. ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும். மே மாத ரிட்டனிலிருந்து ஹெச்எஸ்என் எண்ணைக் கையால் அடிக்கக் கூடாது, பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயம்தான். (முதலாளி திருப்பதி வரிசையில் நிற்கும்போது ஓடிபி அவர் போனுக்குப் போவதைத் தவிர. அதற்குத் துணைப் பயனர் வசதி இருக்கிறது என்பீர்கள்; ஒப்புக்கொள்கிறேன்.) ஆனால் நீங்கள் ஒரு கட்டத்தை மாற்றினால் அவர்கள் ஒரு வெர்ஷன் விடுகிறார்கள், அந்த வெர்ஷனோடு என்டர் சாவியையும் மாற்றிவிடுகிறார்கள். சட்டத்துக்காக வேண்டாம் என்று சொல்ல முடியாத அப்டேட்டில், யாரும் கேட்காததும் தொற்றிக்கொண்டு வருகிறது.

திரும்புவது முடியாத காரியம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுக்க இ-வே பில் கட்டாயம் என்றீர்கள். அன்றைக்கே இணையதளம் படுத்தது. அன்றைக்கே ‘பரிசோதனைக் காலம் நீடிக்கிறது’ என்று அறிவித்துவிட்டு, பிறகு ஏப்ரல் 1-க்குத் தள்ளினீர்கள். தமிழ்நாட்டுக்குள் அது ஜூன் 2-ல்தான் வந்தது. அந்த இரண்டு மாதமும் லாரி ஓடியது, இரும்பு விற்றது, வானம் இடிந்து விழவில்லை. 2025 ஜனவரியில் ஜிஎஸ்டி தளம் நின்றபோதும் 11-ம் தேதிக் கெடுவை 13-க்குத் தள்ளினீர்கள். அன்று போகி. ஊரே பழையதை எரித்துக்கொண்டிருக்க, நாங்கள் டிசம்பர் பில்லை ஏற்றிக்கொண்டிருந்தோம். போகியிலாவது எதை எரிப்பது என்று வீட்டுக்காரர்தான் முடிவு செய்கிறார்.

உங்கள் தளம் கெட்டால் கெடு நகர்கிறது. எங்கள் கணினியில் வந்து விழுந்த வெர்ஷன் கெட்டால் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், வரிக்கு 18 சதவீத வட்டி, இரண்டும் எங்கள் தலையில்.

எதிர்க்கட்சி வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். அப்டேட் போடாதவன் கதி என்ன என்று 2017 மே மாதம் பார்த்தோம். வான்னாக்ரை வைரஸ் ஒரகடம் ரெனோ-நிசான் தொழிற்சாலைவரை வந்தது; தடுப்புத் திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. ஆகவே பாதுகாப்புத் திருத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தனியாக அனுப்புங்கள் என்கிறேன். அதுவும்கூடக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் மருந்தில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு கோப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. அனுப்பியதை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். சாய்ந்தவற்றை ஒவ்வொன்றாக ஆள் போய் எழுப்ப வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். அத்தகைய கோப்பை எப்போது ஏற்பது என்று வாடிக்கையாளரே முடிவு செய்யும் வசதியை அதற்குப் பிறகுதான் கொடுத்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் ருசி. விண்டோஸ் 10 வந்தபோது பழையதற்குத் திரும்ப 30 நாள் அவகாசம் இருந்தது. 2016-ல் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். அந்த மேம்படுத்தலால் அலுவலகக் கணினி கெட்டது என்று கலிஃபோர்னியாவில் பயண முகவர் ஒருவர் வழக்குப் போட்டு, அதே ஆண்டு 10,000 டாலர் வாங்கினார். எங்களுக்கு டாலர் வேண்டாம்.

வேண்டியது இதுதான். உங்கள் தளத்தோடு இணைகிற எந்த மென்பொருளும் அப்டேட்டை ஓர் இ-வே பில்லோடு அனுப்பட்டும். பகுதி ‘அ’வில் உள்ளே என்னென்ன மாறுகிறது, எது சட்டத்துக்காக, எது அவர்கள் ஆசைக்காக என்று எழுதட்டும். கணக்குக் கோப்பைத் தொடும் முன் பழைய வடிவில் ஒரு நகல் எடுத்து வைக்கட்டும். பெறுபவனுக்கு 72 மணி நேரம். அதற்குள் மறுத்தால் பழைய வெர்ஷன், அந்த மூன்று நாளில் போட்ட பில்களோடு, திரும்ப வரட்டும். நாங்கள் வாயைத் திறக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெர்ஷன் ஒன்றாக ஓடாது என்று எந்தப் பொறியாளராவது சொன்னால், 2025 ஜூலை 1 முதல் நீங்களே நடத்தும் இரண்டாவது இ-வே பில் தளத்தைக் காட்டுங்கள். ஒன்றில் போட்ட பில்லை மற்றதில் திறக்க முடிகிறது.

தவறியவருக்குத் தண்டனையும் யோசித்துவிட்டேன். எங்கள் பில் பெரிதாகத் தவறினால் 129-ம் பிரிவில் வரியைப் போல் இரண்டு மடங்கு. பத்து லட்ச ரூபாய்க் கம்பிக்கு 3,60,000. அவ்வளவு கொடுமை வேண்டாம். லாரி எண்ணில் ஓர் எழுத்து மாறினால் ஆயிரம் ரூபாயோடு விடச் சொல்லி 2018 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்ததே, அதே ஆயிரம் போதும். கெட்ட அப்டேட் ஒன்றுக்கு, கடை ஒன்றுக்கு.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளக் கோருகிறேன். அதுவரைக்கும் ஒன்றே ஒன்று: மாதக் கடைசியிலும், ரிட்டன் கெடு நாள்களான 11-ம் தேதியும், 20-ம் தேதியும் யாரும் எங்களுக்கு அப்டேட் அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் விதிகளுக்குக் கட்டுப்பட்ட,
கணக்கெழுத்தன்